கமிஷன் வாங்கிப் பரிந்துரைத்த கிரீம்: வழக்கு என் மீது வருமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்குப் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. வார இறுதிகளில் மணப்பெண் ஒப்பனை செய்கிறார். டிக்டாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் சுமார் ஆறாயிரம் பேர் அவரைப் பின்தொடர்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் உறவினர், தோழியர், பழைய வாடிக்கையாளர். தீபாவளிக்கு முன்பு முகப்பூச்சு விற்கும் ஒரு நிறுவனம் அவரை அணுகியது. ஒரு காணொலிக்கு 300 ரிங்கிட், அவர் பெயரிலேயே ஒரு தள்ளுபடிக் குறியீடு, அதன் வழியாக விற்கும் ஒவ்வொரு டப்பாவுக்கும் கமிஷன். பேச வேண்டியதை நிறுவனமே எழுதிக் கொடுத்தது: “இரண்டு மாதமாகப் பூசுகிறேன். முகத்தில் இருந்த படையும் அரிப்பும் போய்விட்டன. சுகாதார அமைச்சு அங்கீகரித்த கிரீம்.” அவர் பூசிப் பார்த்தது நான்கே நாள்.

உறவினர்கள் நம்பி வாங்கினார்கள். சில டப்பாக்களை இவரே வரவழைத்து, வீடு வீடாகக் கொடுத்து, பணம் வசூலித்து அனுப்பியிருக்கிறார். “உங்கள் மணப்பெண்களுக்குச் சிறப்புச் சலுகை தருகிறோம்” என்று கேட்ட நிறுவனத்திடம் தம் வாடிக்கையாளர்களின் கைப்பேசி எண் பட்டியலையும் கொடுத்துவிட்டார்.

தைப்பூசம் முடிந்த சில நாட்களில் சின்னம்மா மகளின் முகம் சிவந்து, வீங்கி, தோல் உரியத் தொடங்கியது. வேறு இருவருக்கு எரிச்சல். டப்பாவில் அச்சிட்டிருந்த எண்ணை இணையத்தில் தேடினால் அது வேறொரு நிறுவனத்தின் சோப்புக்கு உரியதாக இருந்தது. காணொலியை நீக்கப்போவதாக இவர் சொன்னபோது, நீக்கினால் ஒப்பந்தப்படி 10,000 ரிங்கிட் கட்ட வேண்டும் என்று மிரட்டல் வந்தது. இதற்கிடையில், மூன்று ஆண்டுகளுக்கு முன் இவர் வெளியிட்ட மணப்பெண் ஒப்பனைக் காணொலியை நிறுவனம் வெட்டி எடுத்து, ஒப்பனைக்கு முன்பிருந்த முகத்தைக் கிரீம் பூசும் முன் என்றும் ஒப்பனை முடிந்த முகத்தைக் கிரீம் பூசிய பின் என்றும் ஒட்டி விளம்பரமாக ஓட்டுகிறது.

கணக்கையே அழித்துவிட்டு வாயை மூடிக்கொள் என்கிறார் கணவர். நீ சொன்னதோடு சரி, விற்றவன்தானே பொறுப்பு என்கிறார் தோழி. இரண்டு மாதக் கமிஷனும் பாக்கி. “நான் சிறைக்குப் போவேனா? உறவினர்களின் பணம் திரும்புமா? நாங்கள் வீட்டில் பேசுவதைக் கைப்பேசி ஒட்டுக்கேட்கிறதா? அந்தக் கிரீமைப் பற்றிப் பேசினாலே அதன் விளம்பரம் அம்மாவின் முகநூலில் வந்து நிற்கிறது” என்று கேட்கிறார்.

சகோதரி, சட்டத்துக்குப் போகும் முன் ஒன்று. உங்கள் தங்கை தோல் மருத்துவரைப் பார்த்தாரா என்று கடிதத்தில் இல்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் நம் மலேசியாவில் மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் கண்காணிக்கும் என்.பி.ஆர்.ஏ. என்ற அரசு நிறுவனம், முகத்தை வெளுக்க வைக்கும் பூச்சுகளில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு ஆகியவற்றைக் கண்டுபிடித்துப் பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டிரெட்டினோயின் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ஸ்டீராய்டு கலந்திருந்தால், பூசுவதை நிறுத்தியதும் சிவப்பு இன்னும் கூடலாம். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் பூசுகிறவர்கள் உண்டு. வாங்கியவர்களில் கர்ப்பிணி, பாலூட்டும் தாய் யாராவது இருந்தால் இன்றே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எல்லாரும் நிறுத்த வேண்டும். முகம் பாதிக்கப்பட்டவர்கள் டப்பாவுடன் டாக்டரிடம் போக வேண்டும். டப்பாவைக் குப்பையில் போடாதீர்கள். நாளைக்கு அமலாக்க அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான். டாக்டரின் குறிப்பும் ரசீதும் பிறகு சாட்சியமாகும்.

“நான் சொன்னேன், விற்கவில்லை”

உங்கள் தோழியின் வாதம் ஆறுதலாக இருக்கும். சட்டம் அதை ஏற்காது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன் 10ஆம் பிரிவு, பொருளின் தரம், பயன், அதற்குக் கிடைத்த ஒப்புதல் ஆகியவை பற்றி எந்த நபரும் பொய்யாகவோ தவறாக வழிநடத்தும் விதத்திலோ சொல்லக் கூடாது என்கிறது. விற்பவர் மட்டும் என்று அது வரையறுக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு, கமிஷனுக்காகச் சொன்ன சொல்லை வீட்டுத் திண்ணைப் பேச்சு என்று வாதிடுவது கடினம். நோயைக் குணமாக்கும் என்ற வாசகம் இன்னொரு சிக்கல். மருந்துகள் (விளம்பரம், விற்பனை) சட்டம் 1956-இன் கீழ், அப்படி விளம்பரம் செய்ய மருந்து விளம்பர வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கு கொண்டவர் யாராக இருந்தாலும் அந்தச் சட்டத்தின் பிடிக்குள் வரலாம். ஒப்பனைப் பொருளுக்கு நோய் தீர்க்கும் உரிமையே கிடையாது. படை போகும் என்று சொன்ன கணத்தில் அது மருந்தின் இடத்துக்குப் போய்விடுகிறது.

அமைச்சு அங்கீகரித்தது என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். உண்மையான ஒப்பனைப் பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கி, கே என்ற எழுத்தில் முடியும் ஓர் எண் இருக்கும். அது, இந்தப் பொருளைச் சந்தையில் விடுகிறேன், விதிகளுக்கு உட்பட்டது, பொறுப்பு என்னுடையது என்று நிறுவனம் கொடுத்த அறிவிப்பைப் பதிவு செய்த எண். யாரும் அதைப் பூசிப் பார்த்துச் சான்றளிப்பதில்லை. எண் பெற்ற பொருளில் பிறகு நச்சுப்பொருள் பிடிபட்டு அறிவிப்பு ரத்தான கதைகளும் உண்டு. உங்கள் டப்பாவிலோ அந்த எண்ணே இரவல்.

சரி, சிறையா? இந்தச் சட்டங்களில் அபராதமும் இருக்கிறது, சிறையும் இருக்கிறது. இல்லை என்று நான் எழுதினால் அது பொய். பிறர் தந்த தகவலை நம்பித் தவறு நேர்ந்தது, எடுக்க வேண்டிய கவனத்தை எடுத்தேன் என்று காட்ட முடிந்தவருக்கு எதிர்வாதமும் உண்டு. உங்கள் வழக்கில் அந்த எதிர்வாதம் பாதிதான் நிற்கும். எண்ணை நிறுவனம் ஏமாற்றியது உண்மை. நான்கு நாளை இரண்டு மாதம் என்று சொன்னது நீங்கள். ஆனால் இப்படிப்பட்ட புகாரில் அதிகாரிகள் முதலில் தேடுவது தயாரித்தவரையும் இறக்குமதி செய்தவரையும் குவித்து வைத்து விற்பவரையும்தான். தானே முன்வந்து டப்பாவையும் உரையாடல்களையும் ஒப்படைப்பவரை அவர்கள் பார்க்கும் பார்வை வேறு. வாக்குமூலம் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரை மட்டும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பணமோ இலவசப் பொருளோ பெற்றுப் போடும் பதிவில் அது விளம்பரம் என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது, 2022-இல் திருத்தி வெளியிடப்பட்ட மலேசியத் தொடர்பு, பல்லூடக உள்ளடக்க நெறிமுறையில் இருக்கிறது. உங்கள் காணொலியில் அப்படி ஒரு வரி இருந்ததாகக் கடிதத்தில் இல்லை.

ஆறாயிரம் பேருக்காக ஏன் வந்தார்கள்

உங்களைவிடப் பிரபலமானவர்கள் கோலாலம்பூரில் நிறையப் பேர் இருக்க, என்னை ஏன் தேடி வந்தார்கள் என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. வானொலி அறிவிப்பாளர் ஒருவரை லட்சம் பேர் கேட்பார்கள், ஆனால் இரவு ஒன்பது மணிக்கு அவரைக் கூப்பிட்டு, “அக்கா, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன், இதைப் பூசலாமா?” என்று யாரும் கேட்க முடியாது. உங்களைக் கேட்டார்கள். நீங்களும் பூசலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுவனம் 300 ரிங்கிட்டுக்கு வாங்கியது அந்தப் பதிலைத்தான். காணொலி அதற்கு ஒரு சாக்கு.

உங்கள் பெயரிலான குறியீட்டைப் பாருங்கள். தள்ளுபடி கொடுப்பதோடு, எந்த முகத்தால் எத்தனை டப்பா நகர்ந்தது என்ற கணக்கையும் அது நிறுவனத்துக்குத் தினமும் சொல்கிறது. உங்களைப் போலப் பலரிடம் சிறு தொகைக்குக் காணொலி எடுப்பார்கள். எதற்கு அதிகக் கேள்வியும் பின்னூட்டமும் வருகிறதோ அதை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் பின்னால் பெரிய விளம்பரப் பணத்தை இறக்குவார்கள். டிக்டாக்கில் இதற்கென்று ஒரு வழி இருக்கிறது: காணொலியின் சொந்தக்காரர் ஓர் அனுமதிக் குறியீட்டைக் கொடுத்தால், நிறுவனம் அதே காணொலியை அவர் பெயரிலேயே விளம்பரமாக ஓட்டலாம். அனுமதியை 7, 30, 60 அல்லது 365 நாளுக்குக் கொடுக்கலாம். “ஒரு நம்பர் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன்” என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுவாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் கணக்கின் அமைப்புகளுக்குள் போனால் அந்தக் காணொலிக்கான விளம்பர அனுமதியை நீங்களே நிறுத்தலாம். மிரட்டலுக்குப் பதில் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

ஒட்டுக்கேட்கும் கைப்பேசிக்கு வருவோம். விளக்கம் நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணமானது, சங்கடமானதும்கூட. நீங்கள் கொடுத்த எண் பட்டியலை விளம்பரதாரர் முகநூலில் ஏற்றலாம். தளம் அந்த எண்களைத் தன் பயனர்களுடன் பொருத்திப் பார்த்து, பொருந்தியவர்களுக்கு விளம்பரத்தைக் காட்டும். பிறகு அவர்களைப் போன்ற வயது, ஊர், ஆர்வம் உள்ளவர்களைத் தானே தேடி அவர்களுக்கும் காட்டும். நிறுவனத்தின் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தவரை மறுநாள் தொடர்ந்து வரும் வழியும் உண்டு. உங்கள் அம்மா உங்கள் காணொலியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பார். மகளின் காணொலியை வேறு யார் பார்ப்பது? அந்த விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, இது எனக்கு ஏன் காட்டப்படுகிறது என்ற இடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். விளம்பரதாரர் ஏற்றிய பட்டியலில் அவர் இருந்தால் அங்கே தெரியவரும். தெரிந்தால் அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பத்திரிகையில் மருந்து விளம்பரம் வந்தால் அடியில் கே.கே.எல்.ஐ.யு. என்று தொடங்கும் அனுமதி எண் இருக்கும். இல்லாவிட்டால் விளம்பரப் பிரிவில் யாராவது கேட்பார்கள். இன்று அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. தளங்கள் விளம்பரத்தைச் சரிபார்ப்பதாகச் சொல்கின்றன. அந்தக் கிரீம் விளம்பரம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதிலிருந்து சரிபார்ப்பின் தரத்தை நீங்களே கணிக்கலாம்.

பத்தாயிரம் ரிங்கிட் மிரட்டல்

கையெழுத்துப் போடவில்லை, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சரி என்று மட்டும் அனுப்பினேன், அதனால் ஒப்பந்தமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். மின்னணு வாணிபச் சட்டம் 2006 வந்த பிறகு, மின்னணுச் செய்தி என்பதற்காகவே ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. அவர்கள் அனுப்பிய நிபந்தனைகளுக்குச் சரி என்று பதில் போட்டிருந்தால் அது ஒப்பந்தம்தான் என்று வைத்துக்கொண்டே பேசுவோம்.

ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அப்படியே தீர்ப்பாகிவிடாது. ஒப்பந்தச் சட்டம் 1950-இன் 75ஆம் பிரிவின்படி, மீறியவர் கொடுக்க வேண்டியது நியாயமான இழப்பீடு. எழுதிய தொகை அதன் உச்சவரம்பு. 1995-இல் ஒரு கிளினிக் விற்பனை தொடர்பாக இரு டாக்டர்களுக்கு இடையே நடந்த வழக்கில், கேட்பவர் தன் இழப்பை நிரூபிக்க வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. 2018-இல் அதே நீதிமன்றம் அந்த நிலையைத் தளர்த்தியது: தொகை, காக்க முயலும் நலனுக்குப் பொருத்தமாக இருக்கிறதா என்று பார்க்கப்படும், பொருத்தமில்லை என்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். எனவே, அவர்களால் ஒன்றுமே செய்ய முடியாது என்று நான் சொல்லமாட்டேன். 300 ரிங்கிட் காணொலிக்கு 10,000 ரிங்கிட் என்பது எந்த நலனைக் காக்கிறது என்று நீதிபதியும் கேட்பார்.

இதைவிட வலுவான பதில் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டம் தடுக்கும் செயலை நோக்கமாகக் கொண்ட ஒப்பந்தம் செல்லாது. இரவல் எண் ஒட்டிய கிரீமுக்கு, நோய் தீர்க்கும் என்ற வாசகத்துடன் தொடர்ந்து விளம்பரம் செய்யும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த எந்த நீதிமன்றமும் உதவாது. அந்த நிறுவனத்துக்கும் இது தெரியும் என்றே நினைக்கிறேன். நீதிமன்றத்துக்குப் போனால் டப்பாவும் மேசைமேல் வரும். நிறுவனத்தின் பதிவு விவரத்தை எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் தேடிப் பாருங்கள். மிரட்டிய பெயரும் பதிவான பெயரும் ஒன்றா என்று தெரியட்டும். முழு ஒப்பந்தத்தைப் படிக்காமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்வது எனக்கு அழகில்லை.

எந்தக் காணொலி யாருடையது

எல்லாம் என் முகம், அதனால் என் சொத்து என்ற உங்கள் எண்ணம் பாதி சரி. பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி, ஒருவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை, மாறாக ஒப்புக்கொள்ளாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போகும். ஆகவே அந்த 300 ரிங்கிட் காணொலி நிறுவனத்தின் சொத்தாக இருக்கக்கூடும். மூன்று ஆண்டு பழைய மணப்பெண் ஒப்பனைக் காணொலி அப்படியல்ல. அதை யாரும் செய்யச் சொல்லவில்லை, அது உங்களுடையது. அதை வெட்டி ஒட்டியது பதிப்புரிமை மீறல். அதோடு, பவுடரும் பவுண்டேஷனும் செய்த வேலையைக் கிரீம் செய்ததாகக் காட்டுவது அப்பட்டமான பொய் விளம்பரம். உங்கள் கையில் இருப்பதிலேயே பலமான ஆயுதம் இந்த ஒட்டுப்போட்ட காணொலிதான். மூலக் காணொலி, பதிவேற்றிய தேதியுடன் உங்கள் கணக்கில் இருக்கிறதல்லவா? கணக்கை அழித்தால் அதுவும் போய்விடும்.

முகநூல், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களுக்கு யாரும் பார்க்கக்கூடிய விளம்பர நூலகம் ஒன்று இருக்கிறது. நிறுவனத்தின் பக்கத்தை அங்கே தேடினால் தற்போது ஓடும் விளம்பரங்களும் அவை தொடங்கிய தேதியும் தெரியும். எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், காணொலியைத் திரையில் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு தளத்திடம் பதிப்புரிமைப் புகார் கொடுங்கள். வரிசை மாறினால் விளம்பரம் மறையும், சாட்சியமும் மறையும்.

முகத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கவென்றே தனிச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் அடையாளம் காணக்கூடிய முகப்படம் தனிநபர் தரவுதான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன் 38ஆம் பிரிவின்படி, கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் இரண்டே வரி போதும்.

மணப்பெண்களின் எண்கள்

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் இது. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது. அந்தப் பெண்கள் எண்ணைக் கொடுத்தது முகூர்த்த நேரத்துக்கு முன் நீங்கள் வந்து சேர்வதற்காக. அதை இன்னொருவரிடம் விளம்பரத்துக்குக் கொடுத்தது, அதே 2010 சட்டத்தின் கீழ் உங்கள் மீதே வரக்கூடிய குற்றச்சாட்டு. வார இறுதி வேலைதானே என்று ஒதுக்க முடியாது. பணம் வாங்கிச் செய்யும் தொழிலில் பெற்ற எண்கள் அவை.

அவர்களுக்குத் தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள்: உங்கள் எண்ணை ஒரு நிறுவனத்திடம் அனுமதியின்றிக் கொடுத்துவிட்டேன், வருந்துகிறேன், அந்த கிரீம் விளம்பரம் வந்தால் நம்ப வேண்டாம், உங்கள் எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமை 43ஆம் பிரிவில் இருக்கிறது. எழுத்தில் கேட்டும் நிறுத்தாவிட்டால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் போகலாம். நிறுவனத்திடம் பட்டியலை அழிக்கும்படி நீங்களும் எழுதுங்கள். சில வாடிக்கையாளர்கள் கோபப்படுவார்கள். படட்டும்.

உறவினர்களின் பணம்

நிறுவனத்திடம் நேரடியாக வாங்கியவர்கள் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். உரிமை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர்கள் அங்கே யாருக்காகவும் வாதாட முடியாது. எங்கள் தொழிலுக்கு அது நஷ்டம், உங்கள் சின்னம்மாவுக்கு லாபம். மன்றத்தின் உத்தரவை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். ஆனால் உடல் பாதிப்புக்கான இழப்பீட்டை இந்த மன்றம் விசாரிக்காது. டப்பா விலை அங்கே கிடைக்கும். தங்கையின் முகத்துக்கான ஈட்டைச் சிவில் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதி. வீடு வீடாக நீங்கள் கொடுத்துப் பணம் வசூலித்த டப்பாக்களுக்கு நீங்கள் வெறும் விளம்பர முகம் அல்ல. வணிகத்தில் இன்னொருவருக்கு முகவராகச் செயல்படுபவரையும் வழங்குநர் என்ற வரையறைக்குள் பயனீட்டாளர் சட்டம் சேர்க்கிறது. குறைபாடுள்ள பொருளால் ஏற்படும் காயத்துக்குத் தயாரித்தவரும், தன் பெயரை ஒட்டி விற்பவரும், இறக்குமதி செய்தவரும் பொறுப்பு. இவர்கள் யார் என்று கேட்டும் சொல்லாத வழங்குநரும் பொறுப்பாகிவிடுவார். அதனால் பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, கூரியர் உறையில் இருந்த முகவரி, பேசியவரின் எண் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் கையிலிருந்து வாங்கியவர்களுக்கு டப்பா விலையை நீங்களே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்பது என் ஆலோசனை. கொடுத்ததை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், காலி டப்பாவையும் சேர்த்து. இனிப் புகார் செய்யமாட்டேன் என்று மட்டும் யாரிடமும் கையெழுத்து வாங்காதீர்கள். நிறுவனம் அப்படிக் கேட்டாலும் உறவினர்கள் போட வேண்டாம்.

புகார்களை இரண்டு இடத்தில் கொடுங்கள்: கிரீமைப் பற்றிப் பினாங்கு மாநிலச் சுகாதார இலாகாவின் மருந்தக அமலாக்கப் பிரிவில், பொய் விளம்பரத்தைப் பற்றி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில். படிவம் நிரப்பத் தயக்கம் இருந்தால் ஜார்ஜ்டவுன், ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். தமிழிலேயே பேசலாம்.

பாக்கிக் கமிஷன் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டதாக இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு உரிமைக்கோரல் முறையில் கேட்க வழி இருக்கிறது. கேட்காதீர்கள். அந்தக் கிரீமை விற்ற பணத்தில் பங்கு கேட்டுக்கொண்டே, அந்த ஒப்பந்தம் செல்லாது என்று வாதாட முடியாது. ஏற்கெனவே கைக்கு வந்த தொகையை வருமான வரிக் கணக்கில் காட்ட மறக்க வேண்டாம்.

மறுப்புக் காணொலி போட வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரி. கணவரின் பயமும் நியாயமானதுதான். அவதூறு வழக்கு என்ற ஒன்று இருக்கிறது. அதற்குப் பதில், நிரூபிக்கக்கூடியதை மட்டும் சொல்வது. பணம் பெற்றுப் பேசினேன். நான்கு நாள்தான் பூசினேன். டப்பாவில் உள்ள எண் அந்தக் கிரீமுக்கு உரியதாக அரசுப் பட்டியலில் இல்லை. வாங்கியவர்களில் மூவருக்குத் தோல் பாதிப்பு. என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன், பூசுவதை நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். இவ்வளவு போதும். விஷம், பாதரசம், மோசடிக் கும்பல் போன்ற சொற்கள் ஆய்வக முடிவு வரும்வரை வேண்டாம், பின்னூட்டங்களில் மற்றவர்கள் எழுதினாலும் நீங்கள் விருப்பக்குறி போட வேண்டாம். பழைய விளம்பரக் காணொலியை, சாட்சியம் எடுத்து முடித்த பிறகு, பொதுப்பார்வையிலிருந்து மறைத்து வையுங்கள், அழிக்காதீர்கள். கணக்கும் இருக்கட்டும். அந்தக் காணொலியைப் பார்த்து வாங்கியவர்கள் மறுப்பையும் அதே இடத்தில்தான் தேடுவார்கள்.

நிறுவனத்தின் தரப்பில் வழக்கறிஞர் கடிதம் வந்தால் மேசை இழுப்பறையில் போட்டு வைக்க வேண்டாம். அதில் குறிப்பிட்ட நாளுக்குள் பதில் போக வேண்டும். செலவு தாங்காது என்றால் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு இலவச உதவி உண்டு. போகும்போது சம்பளச் சீட்டையும், அந்தப் புலன உரையாடல் முழுவதையும் முதல் செய்தியிலிருந்து அச்செடுத்து எடுத்துச் செல்லுங்கள்.